பச்சைக் குளத்தைக் காலி செய்யாதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், வேலூர் எனப் பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோட்ட வீடு கட்டி, பிள்ளைகளுக்காக ஒரு நீச்சல் குளமும் கட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. ஏலகிரி மலையில் குளம் வைத்த விடுதிகளும் உண்டு. கோடையில் பத்து நாள் கவனிக்காமல் விட்டால் போதும், குளம் பச்சையாகிவிடும். அப்போது கட்டிய மேஸ்திரி, தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர், பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள். "தண்ணி கெட்டுப்போச்சு சார். திறந்து விட்டுட்டு, ஆசிட் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, புதுசா ரொப்பிடுங்க."

இந்த யோசனை தவறு. எந்த ஊருக்கும் தவறுதான். தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்களுக்கு அது பெரும் தவறு. புதிதாகக் குளம் வைத்தவர்கள் இதை நம்பி வால்வைத் திறந்துவிடுவதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. வீட்டுச் சம்ப்பையும் மொட்டைமாடித் தொட்டியையும் நாம் இப்படித்தான் சுத்தம் செய்கிறோம், அங்கே அது சரியும்கூட. அது குடிக்கவும் புழங்கவும் வைத்த தண்ணீர். அளவும் ஆயிரம் இரண்டாயிரம் லிட்டர்தான். இன்று செலவானால் நாளை ஏறிவிடும். நீச்சல் குளத்துத் தண்ணீர் அப்படிச் செலவாவதில்லை. அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் பில்டர் வழியாகச் சுற்றிச்சுற்றி வர வேண்டும். மோட்டாரும் மணல் பில்டரும் வைத்திருப்பதே அதற்காகத்தான். தொட்டிக்குப் பழகிய கை குளத்திலும் அதையே செய்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரி நாலரை அடி ஆழம் கொண்ட சாதாரண வீட்டுக் குளத்தில் சுமார் 57,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐந்து நடை வர வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று அதில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு வீட்டுக் குளத்தைக் கொட்டினால் 1,600 கிலோ தோலைப் பதனிடும் தண்ணீர் போகிறது. டேனரி தண்ணீரைக் குடித்துவிட்டது என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறோம். அதே ஊரில் பாசிக்குப் பயந்து இவ்வளவு தண்ணீரைத் திறந்துவிடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பச்சை நிறத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் தனியாக ஒரு பயமும் இருக்கிறது. "இது பாசி இல்ல பாய், டேனரி தண்ணி. குரோம் எறங்கியிருக்கு" என்பார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட் பச்சைத் தூள்தான். அதில் ஊறி வரும் தோல் நீலப் பச்சையாக இருப்பதை டேனரி வாசலில் நின்ற எவரும் பார்த்திருப்பார். ஆனால் அந்தக் குரோமியம் மண்ணில் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து, பச்சையாகவே குளத்துக்கு வந்து சேர்வதில்லை. காரமோ நடுநிலையோ உள்ள தண்ணீரில் அது கரைந்து நிற்காது. மண்ணோடு ஒட்டிப் படிந்துவிடும். தண்ணீரில் கரைந்து தூரம் போகும் ஆபத்தான வகை வேறு. அதை ஆறு இணைதிறன் குரோமியம் என்பார்கள், அதன் நிறம் மஞ்சள். ராணிப்பேட்டையில் 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவை வளாகத்திலேயே விட்டுவிட்டுப் போனது. அங்கிருந்து கசியும் தண்ணீரின் மஞ்சள் நிறம் அந்த வட்டாரத்து மக்களுக்குத் தெரியும்.

ஆகவே நேற்று வரை நீலமாக இருந்த குளம் மூன்று நாளில் கலங்கிப் பச்சையாகி, சுவரில் வழவழப்பும் கட்டி, ஆழத்தில் தரை தெரியாமல் போனால் அது பாசிதான். சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளை வாளியில் தண்ணீரை மொண்டு, கொஞ்சம் குளோரின் திரவம் விட்டு, நிழலில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். பாசியாக இருந்தால் காலையில் பச்சை வெளுத்துப்போயிருக்கும். தரை தெளிவாகத் தெரிந்தும் தண்ணீருக்கு மட்டும் பச்சைச் சாயல் இருந்தால் அது செம்பாகவோ இரும்பாகவோ இருக்கலாம். குளோரின் விட்டதும் நிறம் இன்னும் கருத்தால் அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடும்.

குரோமியப் பயம் உண்மையில் காலி செய்வதற்கு எதிரான வாதம்தான். உங்கள் போர்வெல் ஒரு டேனரிக்கோ பழைய கழிவுக் கிடங்குக்கோ பக்கத்தில் இருந்தால், ஆபத்து ஏற்கெனவே குளத்தில் இருக்கும் தண்ணீரைவிட நீங்கள் புதிதாக இறைக்கப்போகும் 57,000 லிட்டரில்தான் அதிகம். குரோமியம் உள்ள தண்ணீரில் குளோரின் சேர்த்தால் ஆபத்துக் குறைந்த வகை ஆபத்தான வகையாக மாறவும் வாய்ப்புண்டு. அதனால் அப்படிப்பட்ட போரிலிருந்து குளத்தை நிரப்பும் முன், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ வேறு நல்ல ஆய்வகத்திலோ தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு கோடையும் தண்ணீரை மாற்றுகிறவர் இந்த ஆபத்தை வருடந்தோறும் புதிதாகக் கூப்பிடுகிறார்.

புதுத் தண்ணீர் என்ற நினைப்பே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். புதிது என்றால் சுத்தம் என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது. இந்த ஊர்களின் நிலத்தடி நீர் பட்ட பாடு தெரிந்தவர்கள் அப்படி முடிவுகட்ட மாட்டார்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பில் பதப்படுத்தித்தான் டேனரிக்கு வருகிறது. முதல் கழுவலிலேயே அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடும். குரோமியத்தைப் படிய வைத்துப் பிரிக்கலாம், சுண்ணாம்பையும் பிரிக்கலாம். உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பில் பிரிக்க முடியாது. அதனால்தான் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆர்.ஓ. இயந்திரமும் ஆவியாக்கும் கலன்களும் வைத்து, சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாற வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் இறங்கிய உப்பு மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்து கிடக்கிறது. இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் கண்டறிந்ததை அதே 1996 தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே வேலூர் பகுதியின் தோல் கழிவு பற்றி மறுபடியும் விரிவான தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகும் இழப்பீட்டையும் நிலத்தை மீட்பதையும் பற்றியே பேச்சு நடக்கிறது.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தோல் ஊர்களின் கிணறுகள் பல அந்த மேல் எல்லையையே தொட்டுத் தாண்டியவை. கடினத்தன்மையும் அதற்கேற்ப இருக்கும். அந்தத் தண்ணீரைக் குளம் முழுக்க நிரப்பினால் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைக் கறை படியும். பில்டர் மணல் கட்டிதட்டும். தண்ணீர் எப்போதும் பால்கலந்த மாதிரி மங்கி நிற்கும். வேலூர் வெயிலில் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டும்தான், உப்பும் சுண்ணாம்பும் அப்படியே தங்கிவிடும். ஆவியானதை ஈடுகட்ட நாம் ஊற்றும் தண்ணீரே போதுமான சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது. இதற்கு மேல் முழுக் குளத்தையும் மாற்றுவது வீணாகச் சுமையேற்றுவதுதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். போர் தண்ணீரில் குளோரின் துளியும் இருக்காது. பாசிக்கு உரமாகும் நைட்ரேட் வேண்டிய அளவு இருக்கும். வயலுக்குப் போட்ட உரமும் வீட்டுக் கழிவும் இறங்கிய நிலத்தடி நீர் அது. சுவரை எவ்வளவு தேய்த்தாலும் குழாய்களுக்குள்ளும் பில்டர் மணலிலும் பாசி உயிரோடு இருக்கும். குளோரின் இல்லாத, உரம் கலந்த, வெதுவெதுப்பான தண்ணீர் 57,000 லிட்டர் அதற்குக் கிடைத்துவிடுகிறது. பத்து பதினைந்து நாளில் மறுபடி பச்சை. "தண்ணி மாத்தியும் நிக்கலயே" என்று சொல்பவர்களுக்கு என்ன நடந்தது என்பது இதுதான். பாசி வந்ததற்குத் தண்ணீர் பழையதாக இருந்தது காரணமே இல்லை. குளோரின் தீர்ந்துபோனதுதான் காரணம்.

திறந்துவிட்ட தண்ணீர் எங்கே போகிறது? தெருக் கால்வாய் வழியாக ஏரிக்கோ, ஓடை வழியாகப் பாலாற்றுக்கோ. பச்சையைக் கொல்ல முதல் நாள் மயில்துத்தம் கொட்டியிருந்தால் அந்தச் செம்பும் கூடவே போகும். மீனுக்குச் செம்பு விஷம். இதே மண்ணில் கழிவு நீர் வெளியே போனால் போதும், பிறகு யார் தலையிலோ விழட்டும் என்ற மனப்போக்கு எதில் முடிந்தது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் படுத்திருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். ஒரு வீட்டுக் குளத்தை அதோடு அளவில் ஒப்பிட முடியாதுதான். ஆனால் நம் வாசலைத் தாண்டிவிட்டால் தண்ணீர் நம் பொறுப்பில்லை என்ற நினைப்பு இரண்டிலும் ஒன்றேதான்.

காலியான குளத்துக்குள் இறங்குகிறவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். உரிமையாளர் இறங்குவதில்லை. தினக்கூலிக்கு வந்த ஒருவர் வெறுங்காலோடு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆசிட் கேனும் தேங்காய் நார் பிரஷும் எடுத்துக்கொண்டு இறங்குவார். சுவரில் குளோரினோ பிளீச்சிங் பவுடரோ ஒட்டியிருக்கும்போது அதன் மேல் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு அது. மேலே எழும்பிக் கலைந்துபோகாமல் குழிக்குள்ளேயே தேங்கி நிற்கும். ஆறடி ஆழக் குழியில் குனிந்து தேய்ப்பவரின் மூக்கு மட்டத்தில் நிற்கும். பாசி வந்ததற்காக ஒரு மனிதரை இந்தக் குழிக்குள் இறக்கும் யோசனையை "சுத்தம் செய்வது" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வதை என்னால் கொஞ்சமும் ஏற்க முடியவில்லை.

மழைக்காலத்தில் காலி செய்வதில் இன்னொரு ஆபத்து உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. அப்படிப்பட்ட மாதங்களில் கரையோர நிலத்தடி நீர் தரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். குளத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் எடை கட்டுமானத்தை அழுத்திப் பிடித்திருக்கும். காலியாக நிற்கும் கான்கிரீட் குளத்தைக் கீழிருந்து வரும் நிலத்தடி நீரின் அழுத்தம் தூக்கிவிடும். தரை விரியும், குழாய் இணைப்புகள் பிய்யும். லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டியவர் பாசியைப் போக்கப்போய்க் குளத்தையே இழக்க நேரிடும்.

காலி செய்ய வேண்டாம் என்று ஒப்புக்கொள்பவர்களிலும் பலர் அடுத்த தவறான யோசனைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை மொத்தமாகக் கொட்டு, அல்லது மயில்துத்தம் போடு, அல்லது படிகாரம் கரைத்து விடு என்பார்கள். பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், மீதியில் பெரும்பாலும் சுண்ணாம்பு. கடையில் வெயிலில் கிடந்த மூட்டையில் அந்த ஒரு பங்கும் குறைந்திருக்கும். ஒரே நாளில் 25 கிலோவைக் கொட்டினால் குளோரின் முதலில் எக்கச்சக்கமாக ஏறும், வெயிலும் பாசியும் அதைத் தின்று தீர்த்ததும் விழுந்துவிடும். சுண்ணாம்பு மட்டும் வெள்ளைக் கலங்கலாக நிற்கும். பச்சைக் குளம் வெள்ளைக் குளமாகிவிடும். அதைப் பார்த்து மனம் வெறுத்துத்தான் பலர் கடைசியில் வால்வைத் திறக்கிறார்கள். மயில்துத்தம் நம் கடினத் தண்ணீரில் சீக்கிரமே படிந்துபோய் வீரியம் இழக்கும். தங்கும் செம்பு சுவரில் கறையாகும், தலைமுடியில் பச்சை ஏறும். படிகாரத்துக்கு ஒரு வேலை உண்டு. செத்த பாசியைத் திரட்டிக் கீழே படிய வைக்கும். உயிருள்ள பாசியை அது கொல்லாது. முதல் நாளே படிகாரம் போடுவது முறை தெரியாத வேலை.

பாசியைக் கொல்வது குளோரின்தான். ஆனால் ஒரே தடவையில் கொட்டுவதால் அது நடக்காது, தொடர்ந்து ஒரே அளவில் நிறுத்திவைக்க வேண்டும். புதிதாகக் குளம் வைத்தவர்களுக்கு யாரும் சொல்லித்தராதது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அளக்க வேண்டும். குளோரினையும் பி.எச்.சையும் சொட்டு மருந்தில் பார்க்கும் சிறிய சோதனைப் பெட்டி கிடைக்கிறது. ஐந்து லாரித் தண்ணீரின் விலையோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை. பி.எச். 7.5-இல் இருக்கும்போது குளோரினில் ஏறத்தாழ பாதிதான் பாசியைக் கொல்லும் வடிவில் இருக்கும். அது 8-ஐத் தாண்டினால் கால் பங்குக்கும் கீழே போய்விடும். நம் போர் தண்ணீரில் பி.எச். இயல்பாகவே ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி 7.2-க்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஆசிட் ஊற்றிய வாளியில் குளோரினைத் தொடக்கூடாது. பிளீச்சிங் பவுடரையும் குளோரின் மாத்திரையையும் ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

அடுத்து வெயில். திறந்த குளத்தில் காலை ஊற்றிய குளோரினில் பெரும்பகுதி வேலூர் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் அழிந்துவிடும். அதைத் தடுப்பது சயனூரிக் அமிலம், கடையில் ஸ்டெபிலைசர் என்பார்கள். லிட்டருக்கு 30 மில்லிகிராம் போதும். நம் 57,000 லிட்டர் குளத்துக்கு 1.7 கிலோ. அது இருந்தால் குளோரினை 12 மில்லிகிராம் அளவில் நிறுத்த வேண்டும். 10 சத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் சுமார் 7 லிட்டர் ஊற்றினால் அந்த அளவுக்கு ஏறும். மாலை வெயில் தாழ்ந்த பிறகு ஊற்ற வேண்டும். சில மணி நேரத்தில் மறுபடி அளந்தால் குறைந்திருக்கும். பாசி தின்றது. மறுபடி ஊற்றி அதே அளவுக்கு ஏற்ற வேண்டும். இதில்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள். நேற்று ஊற்றியது வீணாய்ப்போயிற்று என்று நினைக்கிறார்கள். வீணாகவில்லை, வேலை செய்துதான் தீர்ந்திருக்கிறது. நடுவில் ஒரு நாள் பூச்சியத்துக்கு விட்டால் மிஞ்சிய பாசி மறுபடி பெருகி, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். சுவர், படிக்கட்டு, ஏணியின் பின்பக்கம், விளக்கு வளையம் எல்லாவற்றையும் தினமும் பிரஷால் தேய்க்க வேண்டும். பாசி தன் மேல் ஒரு வழவழப்புப் படலம் கட்டிக்கொள்ளும், தேய்த்துக் கிழிக்காவிட்டால் குளோரின் உள்ளே போகாது. பில்டர் அழுத்தம் ஏறும்போது பேக்வாஷ் செய்யுங்கள், தேவைக்கு மேல் வேண்டாம். இலை தழை அடியில் கிடந்தால் முதல் நாளே வலையால் அள்ளிவிடுங்கள், குளோரினைக் குடித்துத் தீர்ப்பது அதுதான். இரண்டு மூன்று நாளில் பச்சை வெளுத்துச் சாம்பல் நீலமாகும். செத்த பாசி அது. பிறகு பில்டரின் வேலைதான். வேகம் வேண்டுமென்றால் இப்போது படிகாரம் போட்டு, படிந்ததை வாக்குவம் குழாயால் உறிஞ்சி வெளியேற்றலாம். போவது சில நூறு லிட்டர் மட்டுமே.

வேலை முடிந்ததா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவுகட்டக் கூடாது. இருட்டிய பிறகு குளோரினை அளந்து, விடிவதற்குள் மறுபடி அளக்க வேண்டும். இரவில் வெயில் இல்லை, குறைந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது என்று பொருள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் குறையாமல் இருந்து, தரையும் தெளிவாகத் தெரிந்தால் பாசி செத்துவிட்டது. லேசான பச்சைக்கு 25 லிட்டர் திரவம் ஆகலாம், மிக மோசமான குளத்துக்கு அதன் இரண்டு மடங்குக்கு மேலும் ஆகலாம். நாள் கணக்கில் ஒரு வாரம், பத்து நாள். அதுவரை யாரும் இறங்கக் கூடாது. அடி தெரியாத குளத்தில் குழந்தை மூழ்கினால் கண்டுபிடிக்கவே முடியாது.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் சிலவற்றில் பலமும் இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் குளங்கள் பச்சையானபோது, அத்தனை நிபுணர்கள் இருந்தும் கடைசியில் தண்ணீரை மாற்றினார்களே என்று கேட்கலாம். மாற்றினார்கள், உண்மை. அங்கே நடந்தது என்ன? ஒரு ஒப்பந்தக்காரர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளத்தில் ஊற்றிவிட்டார். அது குளோரினைச் செயலிழக்கச் செய்தது. குளோரின் போனதும் பச்சை வந்தது. ஒருங்கிணைந்த நீச்சல் போட்டிக்குத் தண்ணீருக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும், காத்திருக்க நேரமில்லை, அதனால் அந்தக் குளத்தை மட்டும் மாற்றினார்கள். நம் வீட்டில் நாளை காலை ஒலிம்பிக் போட்டி இல்லை. நமக்குப் பத்து நாள் இருக்கிறது.

குளோரின் திரவமும் உப்புதானே சேர்க்கிறது என்பது அடுத்த கேள்வி. சேர்க்கிறது. பத்து நாளில் லிட்டருக்கு மொத்தம் 100 மில்லிகிராம் அளவு குளோரின் செலவானால் உப்பு லிட்டருக்குச் சுமார் 165 மில்லிகிராம் ஏறும். போரிலிருந்து வரும் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் உப்போடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே தண்ணீரை மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. மிதக்கும் டப்பாவில் போடும் குளோரின் மாத்திரையை மட்டுமே நம்பி ஓட்டினால், அந்த மாத்திரையே ஸ்டெபிலைசரைக் கொண்டுவருகிறது. 57,000 லிட்டர் குளத்தில் நாளுக்கு ஒரு 200 கிராம் மாத்திரை கரைந்தால் இரண்டு மாதத்தில் சயனூரிக் அமிலம் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அது ஆவியாகாது. அளவு மீறினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். குளோரின் ஊற்றிக்கொண்டே இருந்தும் குளம் பச்சையாவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அப்போதும் முழுக் குளத்தையும் கொட்ட வேண்டியதில்லை. பாதியை மாற்றினால் அளவும் பாதியாகும். கழிவுநீர் கலந்தாலோ, சுவர் விரிசல் விட்டாலோ காலி செய்துதான் ஆக வேண்டும். பாசி அந்தப் பட்டியலில் இல்லை.

கோட்டை அகழியும் கோயில் தெப்பக்குளமும் பச்சையாகத்தானே இருக்கின்றன, அவற்றுக்கும் இதே வைத்தியமா என்று கேட்பவர்களும் உண்டு. அவை மீனும் பறவையும் வாழும் நீர்நிலைகள். அங்கே குளோரின் ஒரு சொட்டும் போகக் கூடாது. இங்கே பேசுவது மனிதர்கள் இறங்கிக் குளிக்கக் கட்டிய அடைப்புத் தொட்டியைப் பற்றி மட்டுமே.

குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் நீச்சல் குளம் வைத்திருப்பதே தவறு, அதைக் காப்பாற்றப் பாடம் எதற்கு என்று சிலர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் குளம் கட்டியாகிவிட்டது, தண்ணீரும் ஒரு தடவை நிலத்திலிருந்து எடுத்தாகிவிட்டது. இனி அந்தக் குடும்பம் செய்யக்கூடிய நியாயமான காரியம், எடுத்த தண்ணீரை மறுபடி எடுக்காமல் இருப்பது. கைவிட்டுப் பச்சையாகவே விடுவதும் தீர்வில்லை. 2007-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கெர்ன் மாவட்டத்தில் கடன் கட்ட முடியாமல் மக்கள் விட்டுப்போன வீடுகளின் பச்சைக் குளங்களில் கொசு பெருகி, மேற்கு நைல் காய்ச்சல் அதிகரித்தது பதிவாகியிருக்கிறது. டெங்கு நிரந்தரமாகத் தங்கிவிட்ட நம் ஊரில் ஒரு பச்சைக் குளம் முழுத் தெருவுக்கும் ஆபத்து. காலி செய்த குளத்தின் மூலையில் தேங்கும் மழைத் தண்ணீரும் அதே ஆபத்துதான்.

குளத்துக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பயன்படுத்துங்கள். 2003-இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால் 2,300 லிட்டருக்கு மேல் கிடைக்கும், உப்பும் சுண்ணாம்பும் இல்லாத தண்ணீர். முதல் மழையை வெளியே விட்டு, வடிகட்டி, பிறகு குளத்துக்குத் திருப்பினால் கோடை முழுக்கச் சேர்ந்த கடினத்தன்மையைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

வரும் சித்திரையில் உங்கள் குளம் பச்சையானால் லாரிக்காரருக்கும் ஆசிட் போட்டுத் தேய்ப்பவருக்கும் போன் செய்யாதீர்கள். குளோரினையும் பி.எச்.சையும் அளந்து பாருங்கள், மோட்டாரை ஓடவிடுங்கள், பத்து நாள் பொறுங்கள். அடிவால்வு மூடியே இருக்கட்டும்.